நூற்றுப் பத்து டிகிரி

ஆக்லாந்து நகரத்தில் ஒரு எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திராத கடைசி மனிதன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். இந்த ஊரில் எல்லோரிடமும் ஒரு எண் இருக்கிறது. ஒருவருக்கு மார்ட்கேஜ் வட்டி, இன்னொருவருக்கு விசா புள்ளி, எப்சம் பகுதியில் வீடு வாங்கியவர்களுக்குப் பள்ளிக்கூட எல்லைக்கோட்டிலிருந்து தங்கள் வாசற்படி எத்தனை மீட்டர் உள்ளே இருக்கிறது என்பது. காலையில் எழுந்ததும் அதைப் பார்க்கிறார்கள். பிடித்த மாதிரி இருந்தால் காப்பி இறங்குகிறது, இல்லாவிட்டால் மனைவிமேல் எரிந்து விழுகிறார்கள். எனக்கு அப்படி எதுவும் கிடையாது. நான் படிப்பது டேட்டா சயன்ஸ் என்பது வேறு விஷயம். அது படிப்பு.

நாளையிலிருந்து என்னைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதற்கு முன் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிட்டால் எல்லோருக்கும் வசதி. என் பெயர் ஜனார்த்தன், ஊர் திருப்பூர். பென்ரோஸ் கிடங்குகள் முடிந்து வீடுகள் தொடங்குகிற தெரு ஒன்றில், குலசிங்கம் அங்கிள் வீட்டில் ஒன்றரை வருஷமாகக் குடியிருக்கிறேன். எனக்குக் கொடுத்திருந்தது அவர் மகன் திலக்சனின் அறை. பெரிய கட்டில், ஜன்னலைத் திறந்தால் புல்வெளி, எலுமிச்சை மரம். வாடகையைச் சொன்னால் இந்த ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். சாப்பாடும் சேர்த்துத்தான் என்றால் அடிக்கவே வருவார்கள். என் கூட்டாளி நிமலன் ஒரு கராஜில் மூன்று பேரோடு படுக்கிறான், அதில் இரண்டு பேர் குறட்டை. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படித்தால் என்னைப் புரிந்துகொள்வது சுலபம்.

அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர், விரி என்ற பகுதியில் ஒரு பெரிய கிடங்கில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு வாழ்வதில் ஒரு சிரமம் உண்டு, அவர்கள் எதையும் சரிபார்ப்பதில்லை. மகன் ஏன் வீட்டில் இல்லை என்பதை நான் வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார், தட்டுக் கழுவிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி.

"அன்ரி செத்து அஞ்சாம் நாள், தம்பி. துடக்கு வீடு. முப்பத்தொரு நாளைக்கு மரக்கறிதான் எங்களுக்கு. இவன் காருக்குள்ள இருந்து பேர்கர் தின்னுறான். 'இனி இந்த வாசலை மிதியாதை' எண்டு சொல்லிப்போட்டன்."

"அவர் என்ன சொன்னார் அங்கிள்?"

"'பசிச்சது அப்பா' எண்டான்."

அதோடு திலக்சன் தெற்கே கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்குப் போய்விட்டான். அவன் முதலில் கூப்பிடட்டும் என்று இவர் போன் போடவில்லை, இவர் போடட்டும் என்று அவனும் போடவில்லை. தெரிந்த சனம் அந்த வீட்டுக்கு வந்தால் மகன் பேரையே எடுப்பதில்லை. அவனைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டாலும் வாயைத் திறப்பதில்லை. அது அவர்கள் காட்டும் மரியாதை. அந்த மரியாதை எனக்குப் பிற்பாடு எவ்வளவு உதவும் என்று அப்போது தெரியாது.

அங்கிளின் மனைவி யோகராணி அன்ரியின் ஆண்டுத் திவசம் முடிந்த மறுவாரம், ஃபிரிட்ஜ் அளவுக்கு ஒரு பெட்டி வந்தது. அனுப்பியவர் பெயர் திலக்சன். உள்ளே ஒரு பெல்லெட் கிரில், மரக்குச்சியில் இறைச்சி வாட்டும் அடுப்பு. அதாவது ஒரு வருஷத் துக்கம் முடிந்துவிட்டது, இனி சேர்ந்து உட்கார்ந்து இறைச்சி சாப்பிடலாம் என்று அர்த்தம். மன்னிப்பு என்ற ஒரு சொல்லைச் சொல்வதற்குப் பதிலாக அறுபது கிலோ இரும்பைக் கூரியரில் அனுப்புகிற குடும்பம் அது. பெட்டி மூன்று வாரம் கராஜில் கிடந்தது. அங்கிள் தினமும் அதைச் சுற்றிக்கொண்டு காருக்குப் போனார். நான்காவது ஞாயிற்றுக்கிழமை என் அறைக் கதவைத் தட்டினார்.

"தம்பி, அந்தச் சாமானை ஒருக்கா உடைச்சுப் பாப்பமே?"

பெட்டியைப் பிரித்து, பாகங்களைப் பொருத்தினோம். மூடிக்குத் திருநீறு பூசி, சந்தனப்பொட்டு வைத்து, முன்னால் கற்பூரம் கொளுத்தினார். அடுப்புக்கே நெருப்புக் காட்டியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் ஆட்சேபணை எல்லாம் அந்தச் சாதனத்தின் மேல்தான். பக்கத்தில் ஒரு தொட்டி. அதில் மனுக்கா மரத்தூளை இறுக்கிச் செய்த குச்சிகளைக் கொட்ட வேண்டும், பார்க்க அசல் மாட்டுத் தீவனம். ஒரு திருகு சுற்றிச் சுற்றி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளும், ஒரு விசிறி ஊதும். பிளக்கைப் பிடுங்கினால் அணைந்துவிடும். ரைஸ் குக்கருக்குத் தாடி வளர்ந்தால் எப்படியிருக்கும், அதுதான் இது. கரியில் கை சுடாமல், கண் எரியாமல், ஒரு ஆண்பிள்ளை தன் வீட்டுப் புல்வெளியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் ஒரு எண்ணைப் பார்ப்பதற்குப் பெயர் சமையலாம். இதையெல்லாம் அங்கிளிடமே சொன்னேன்.

"நீர் கனக்கக் கதைக்கிறீர். இந்த ஊசியை எங்க குத்துறது எண்டு பாரும்," என்றார்.

ஊசி என்று அவர் சொன்னது இறைச்சிக்குள் குத்தி வைக்கும் வெப்பமானி. கிரில்லின் சூடு ஒரு எண், இறைச்சியின் சூடு இன்னொரு எண், இரண்டும் போனில் உள்ள செயலியில் தெரியும். அங்கிளின் போன் கம்பெனி கொடுத்த பழைய போன், செயலி அதில் ஏற மறுத்துவிட்டது. ஆகவே என் போனில் ஏற்றினேன், என் மின்னஞ்சலைக் கொடுத்தேன். சட்டப்படி கிரில்லின் சொந்தக்காரன் நான் ஆனது இப்படித்தான். பெட்டிக்குள் ஒரு சிறிய அட்டை இருந்தது. 'அப்பா, என்னையும் சேருங்கோ' என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே ஒரு குறியீட்டு எண். சேர்த்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கிரில் கிறைஸ்ட்சர்ச்சிலும் தெரிந்தது. இரண்டு பக்கமிருந்தும் கூட்டலாம், குறைக்கலாம். அடியில் இன்று என்ன சமைத்தோம் என்று குறித்துவைக்க ஒரு வரி இடம் இருந்தது. ஒருவர் எழுதினால் மற்றவருக்குத் தெரியும்.

முதல் ஞாயிறு செம்மறித் தோள். அவர்கள் வீட்டுக் கறித்தூள் பூசி, நூற்றுப் பத்து டிகிரியில் வைத்தோம். இறைச்சியின் எண் மளமளவென்று ஏறி எழுபதில் வந்து நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று, எழுபதுதான்.

"ஏன் ஏறுதில்லை? பழுதோ? சூட்டைக் கூட்டுவமே?"

நான் பதில் சொல்வதற்குள் அந்த வரியில் எழுத்து வந்தது. ஆங்கிலம்தான், தமிழாக்கம் என்னுடையது: 'அது அப்படித்தான் அப்பா, எழுபதில் நிற்கும். தொடாதேங்கோ. பொறுத்தால் தானாக ஏறும்.'

வாசித்தேன். அங்கிள் நாற்காலியிலிருந்து எழுந்தார். எலுமிச்சை மரத்தடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

"ஓம் எண்டு எழுதும்."

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தகப்பனும் மகனும் கதைத்துக்கொண்டார்கள். எதைப் பற்றி? டிகிரியைப் பற்றி. 'எத்தனை?' 'நூற்றுப் பத்து.' 'மழையா?' 'ஓம், குடை பிடிச்சிருக்கிறன்.' 'ஊசி எலும்பில் முட்டுதா பாருங்கோ.' ஆறு மணி நேரம் இதேதான். நடுநடுவே அங்கிள் என்னைக் கேட்பார்: "அவன் என்ன சொல்லுறான்?" நான் வாசிப்பேன். "சாப்பிட்டவனோ எண்டு கேளும்." நான் தட்டுவேன். சமைத்து முடித்த இறைச்சி, அதை ஒப்புக்கொள்ள வேண்டும், எலும்பிலிருந்து தானாகக் கழன்று விழுந்தது. புட்டோடு சாப்பிட்டோம். விரதமில்லாத ஞாயிறு எதையும் நான் தவறவிட்டதில்லை.

முதல் திருத்தத்தை எப்போது செய்தேன் என்று கேட்பீர்கள். மே மாதம். அங்கிள் அன்றைக்கும் 'சாப்பிட்டவனோ' என்று கேட்கச் சொன்னார். ஒன்பது வாரமாக ஒரே கேள்வி. எழுத்து நடை என்று ஒன்று இருக்கிறதல்லவா? நான் அதை விட்டுவிட்டு '112' என்று தட்டினேன். திலக்சன் 'நல்லது' என்று பதில் போட்டான். "சாப்பிட்டாராம் அங்கிள்," என்றேன். இருவருக்கும் திருப்தி. நல்ல எடிட்டர் செய்கிற வேலைதான் இது, யாருக்கும் ஒன்றும் குறையவில்லை.

ஜூனில் அவன் எழுதினான்: 'அப்பா, அந்த பேர்கருக்காக மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அம்மா போன பிறகு அன்றைக்குத்தான் முதலில் பசித்தது.' அங்கிள் அப்போது இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தார், கையில் பெரிய கத்தி. அந்த மாதிரி நேரத்தில் இதையெல்லாம் வாசித்துக் காட்டுவது பொறுப்பான காரியமா? பிறகு சொல்லலாம் என்று வைத்தேன். பிறகு புட்டு வந்தது. அதற்குப் பிறகு, சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். யோசிப்பது என் குணம். சொன்னால் திலக்சன் வருவான். வந்தால் எங்கே படுப்பான்? ஒரு குடும்பம் ஒன்று சேர்வதற்கு நான் எதிரி இல்லை. எனக்கு அந்த செமஸ்டரில் நான்கு பாடம் இருந்தது, அவ்வளவுதான்.

ஆகஸ்டில் வந்தது நீளமாக இருந்தது. ஒரு வரி இடத்தில் ஒரு வரிக்கு மேல் எழுத அவன் நான்காகப் பிரித்து அனுப்பியிருந்தான். சுருக்கிச் சொல்கிறேன். அவனுக்கும் லோஜனா என்ற பெண்ணுக்கும் ஆவணியில் கலியாணம். அவள் வீட்டில் வைத்துச் சின்னதாகச் செய்கிறார்கள். பெண் வீட்டார், உங்கள் பக்கம் யார் நிற்பது என்று கேட்கிறார்கள். 'நீங்கள் வந்து நிண்டால் போதும் அப்பா. வேறை ஒண்டும் வேண்டாம். வருவீங்களோ?'

அங்கிள் பிளாஸ்டிக் நாற்காலியில், எனக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் வெங்காயம்.

"என்னவாம் தம்பி? இண்டைக்குக் கனக்க எழுதுறான் போல."

"கிரீஸ் தட்டைக் கழுவச் சொல்றார் அங்கிள்."

"அது கழுவியாச்சு எண்டு சொல்லும்."

நான் திரையைப் பார்த்தேன். '110' என்று தட்டி அனுப்பினேன்.

பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. அப்போது உண்மையிலேயே நூற்றுப் பத்துதான் இருந்தது.

சிறிது நேரம் கழித்து அவன் கேட்டான்: 'அப்பா, அப்போ வரமாட்டீங்களா?' நான் மீண்டும் திரையைப் பார்த்தேன், எதிலும் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதற்காக. '111' என்று எழுதினேன். அதன்பின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து எழுத்து வரவில்லை. கலியாணம் நடந்த சனிக்கிழமை நானும் அங்கிளும் கராஜைக் கூட்டினோம்.

இதுவரை படித்தவர்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். அவசரப்பட வேண்டாம். இதற்கு அடுத்து நான் செய்ததைப் பாருங்கள், அதில் தன்னலம் துளிகூட இல்லை. மகன் எழுதுவதை நிறுத்தியதும் அங்கிளுக்கு முகம் செத்துவிட்டது. இரண்டு ஞாயிறு பார்த்தேன், மனசு கேட்கவில்லை. மூன்றாவது ஞாயிறு, வெறும் திரையைப் பார்த்து வாசித்தேன்: "'இன்னைக்கு என்ன இறைச்சி அப்பா?'"

"பண்டி! பண்டி எண்டு சொல்லும்!"

அன்றிலிருந்து நான் வாசித்த திலக்சன், அசல் திலக்சனைவிட நல்ல பிள்ளை. சாப்பிட்டீங்களா என்று அவனே முந்திக் கேட்டான். மூட்டுவலிக்கு எண்ணெய் பூசச் சொன்னான். வேலை இடத்தில் அவனைப் பாராட்டினார்கள். இதற்கெல்லாம் யோசனை தேவை. ஞாயிறு சாப்பாட்டுக்கு நான் கொடுத்த உழைப்பு என்று அதை எடுத்துக்கொள்ளலாம். ஒருநாள் அங்கிள் மூடியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"தம்பி, ஒண்டு எழுதும். நான் அண்டைக்குச் சொன்னது பிழை எண்டு எழுதும். பசிச்ச பிள்ளையை வாசலை மிதியாதை எண்டது பிழை. யோகராணி இருந்திருந்தால் என்னைத்தான் ஏசியிருப்பாள்."

நான் கட்டைவிரல்களை ஆட்டினேன். ஒன்றும் எழுதவில்லை. சரியான இடைவெளி விட்டு, வெறும் திரையிலிருந்து வாசித்தேன்: "'அதை அப்பவே மறந்துட்டேன் அப்பா.'"

அங்கிள் மூடிமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். மூடி சூடாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் அவருக்கு அது தெரியவில்லை.

பார்த்தீர்களா, ஒரு தகப்பனுக்கு மகன் கொடுக்க வேண்டிய மன்னிப்பை மகன் சார்பில் நான் கொடுத்தேன். மகனுக்குத் தகப்பன் கொடுக்க வேண்டியது மட்டும் என்னிடமே பத்திரமாக இருந்தது. பாதி வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மன்னிப்புக் கிடைத்த மனிதர் அமைதியாகிவிடுவார், இனி ஞாயிறுதோறும் எண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவார் என்பது என் கணிப்பு. டேட்டா சயன்ஸில் கணிப்புத் தவறுவது சகஜம்.

போன வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்து ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை கிறைஸ்ட்சர்ச்சுக்கு டிக்கெட்.

"மன்னிச்சிட்டான் எல்லோ. பிறகென்ன, போய் ஒருக்காப் பாத்திட்டு வாறன். விலாசம் இருக்கு, பெட்டியில ஒட்டியிருந்ததை வெட்டி வைச்சனான்."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாமே அங்கிள். அவர் ஊர்ல இருக்காரோ என்னவோ. நான் எழுதிக் கேக்கட்டுமா?"

"விசர்க்கதை கதையாதையும். சொல்லாமல் போய்க் கதவைத் தட்டினால்தான் சந்தோசம்."

சனிக்கிழமை முழுக்கச் செம்மறித் தோள் வாட்டினார். ஈயத்தாளில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, அதன்மேல் ஒரு துவாயும் போட்டார். அன்றைக்கும் திலக்சன் என்ன சொல்கிறான் என்று கேட்டார். 'வாசனை இங்கேயே வருது' என்று வாசித்தேன். நல்ல வரி அது, விட மனசு வரவில்லை.

இன்று காலை விமான நிலையத்துக்கு அவரை நான்தான் காரில் கொண்டுபோனேன். வழியில் ஏழு சிக்னல், அதில் ஐந்தில் சிவப்பு. ஒரு சிவப்பில் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். அன்ரியின் தாலிக்கொடி.

"அவனுக்கு இனி ஒரு கலியாணத்தைப் பேச வேணும், தம்பி. வாறவளுக்கு இது. முப்பது வயசாகுது. நான்தானே முன்னுக்கு நிக்க வேணும், அவனுக்கு வேறை ஆர் இருக்கினம்?"

"ஆமா அங்கிள்," என்றேன். பச்சை விழுந்தது.

சொல்லியிருக்கலாம் என்பீர்கள். இன்னும் இரண்டு சிவப்பு மிச்சம் இருந்தது, உண்மைதான். ஆனால் விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஒரு மனிதர் பயணம் போகும் நேரத்தில் அவர் மனதைக் கலைப்பது என் வளர்ப்பில் இல்லை. இறக்கிவிட்டபோது ஐஸ் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். "புட்டு மா அலுமாரியில இருக்கு, பசியோட இராதையும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆக, இதுதான் விஷயம். மகனின் மன்னிப்பைத் தகப்பனிடமிருந்து மறைத்தவன் நான். கலியாணத்துக்கு வாருங்கள் என்று கேட்ட மகனுக்கு, தகப்பன் பெயரில் கிரில்லின் சூட்டைப் பதிலாக அனுப்பியவன் நான். மாமனாராகிவிட்டதே தெரியாத ஒரு மனிதர், தன்னை வேண்டாம் என்று சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கதவை, வாட்டிய இறைச்சியோடும் தாலிக்கொடியோடும் தட்டப் போகிறார். கதவை அநேகமாக லோஜனா திறப்பாள். நீங்கள் யார் என்று கேட்பாள். இதையெல்லாம் செய்தது நான்தான், வேறு யாருக்கும் பங்கில்லை. ஒரு நல்ல கட்டிலுக்காகத்தானா என்று கேட்டால், சாப்பாடும் சேர்த்து என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பின்பக்கம் போனேன். தொட்டியில் மிச்சமிருக்கும் குச்சி ஈரம் இழுத்தால் ஊதிப்போய்த் திருகில் இறுகிவிடும், இந்த ஊர்க் காற்றில் அது சீக்கிரம் நடக்கும். ஆகவே கொஞ்சம் ஓட்டிவிடலாம் என்று பற்றவைத்தேன். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. நூற்றுப் பத்தில் போட்டேன், வேறு எண் ஏனோ தோன்றவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஏற்கெனவே அங்கே இருந்தது, அதனால் உட்கார்ந்தேன்.

விமானம் பன்னிரண்டே முக்காலுக்கு இறங்கியிருக்கும். அங்கிருந்து டாக்ஸியில் இருபது நிமிஷம். ஒன்று பத்துக்குச் செயலியின் மூலையில் ஒரு சிறிய பச்சைப் புள்ளி எரிந்தது. ஆகஸ்டுக்குப் பிறகு இன்றுதான் எரிகிறது. கிறைஸ்ட்சர்ச்சில் யாரோ திறந்து பார்க்கிறார்கள். ஒருவர் பார்க்க, இன்னொருவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாராக இருக்கும். மேலே தள்ளிக்கொண்டே போனால் மார்ச் மாதத்திலிருந்து எல்லாம் அதில் இருக்கிறது, யார் எதை எழுதினார்கள், யார் பதிலுக்கு என்ன எழுதினார்கள். நான் எதையும் அழிக்கவில்லை. கிரில்லின் சொந்தக்காரன் என்ற முறையில் ஒரே தட்டில் திலக்சனை நீக்கியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. இதை என் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.

அடியில் இருக்கும் வரியில் ஏதாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஒன்று முப்பத்தைந்துக்குக் கிரில்லுக்குள் திருகு சுற்றுவது நின்றது. நான் கையை வைக்கவில்லை. அங்கிருந்து அணைத்திருக்கிறார்கள்.

பச்சைப் புள்ளியும் போய்விட்டது.

அறையில் போய்ப் பெட்டி கட்டலாம். நிமலனுக்கு ஒரு போன் போடலாம், அந்தக் கராஜில் இன்னொரு மெத்தைக்கு இடம் இருக்கிறதா என்று. எல்லாம் செய்யத்தான் வேண்டும். ஆனால் இது சூடாக இருக்கும்போது விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது. யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்புக்காகத்தான், வேறொன்றுமில்லை.

நூற்று நான்கு.

நூற்று ஒன்று.

தொண்ணூற்றெட்டு.